ஒரு வரிக்கு மட்டும் பெரிய எழுத்து

ஸுஹைர் பின்னால் நடக்கிறான். கண் கொம்பியூட்டர் திரையில் நிற்கிறது, கால் மட்டும் பின்னுக்குப் போகிறது. முதுகு போட்டோக்கொப்பி மெசினில் இடிக்கும் வரைக்கும் போவான். இடித்ததும் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, திரையில் இருப்பதை உதடு அசைய வாசிப்பான். வாசிக்க முடிந்தால் "ஓம், சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். முடியாவிட்டால் கதிரைக்குத் திரும்பி, ஒரு எண்ணைத் தட்டி மாற்றிவிட்டு மறுபடியும் பின்னால் நடை. கடைக்குப் புதிதாக வந்தவர்கள் ஏதோ நோயாக்கும் என்று ஒதுங்கி வழி விடுவார்கள். பழகியவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. போட்டோக்கொப்பி எடுக்க நிற்கிறவர்கள்தான் பாவம், அவன் மிதிப்பது அவர்களுடைய காலைத்தான்.

வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், சைக்கிள் திருத்துகிற கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் நெரிபட்டுக்கொண்டு நிற்கிறது அவனுடைய கொமினிக்கேசன். எழுத்தின் அளவுக்காக இத்தனை பாடுபடுகிற மனிதனின் கடைப் பலகையை வாசிப்பதென்றால் வாசற்படிக்கே வரவேண்டும். அவ்வளவு பொடி எழுத்து. சின்னப் பலகைக்குள் கடைப் பெயரையும், வெளிநாட்டு அழைப்பு, போட்டோக்கொப்பி, லமினேற்றிங், ஈமெயில், குடும்ப மரம் என்று தான் செய்கிற அத்தனை வேலையையும் ஏற்றிவிட்டான். கேட்டால், "அது பெயின்ரர் செய்த வேலை. என்ர கையில இல்லைத்தானே" என்று சிரிப்பான்.

முப்பதை எட்டிப்பிடிக்கப் போகிற வயது. பிறந்தது முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் தண்ணீரூற்றில். தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை. மிச்ச வளர்த்தி முழுக்கப் புத்தளத்தில். வாப்பா மௌத்தாகிப் போனதும் அங்கேதான், கொம்பியூட்டர் படித்ததும் அங்கேதான். இதனால் அவனுடைய வாய்க்கு இரண்டு ஊர். வன்னியில் இருந்து ஆள் வந்தால் "வாங்கோ, இருங்கோ" என்பான். புத்தளத்துப் பக்கத்து ஆள் வந்தால் "வாங்க, உக்காருங்க" என்பான். இரண்டு பேரும் ஒன்றாக வந்துவிட்டால் கையால் கதிரையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவான்.

பலகையில் கடைசியாக இருக்கிற "குடும்ப மரம்" எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். கேட்டால் வேலையை விட்டுவிட்டுச் சொல்வான். டோஹாவில் இருக்கிற அவனுடைய சாச்சா, வாப்பாவின் தம்பி நாஸிம், லீவில் வந்த ஒருவரின் கையில் ஒரு சீடி கொடுத்துவிட்டார். அதில் ஒரு புரோகிராம். பெயர்களையும் உறவுகளையும் கொடுத்துவிட்டு ஒரு பட்டனை அமத்தினால் ஆளுக்கொரு பக்கமாகச் செய்து, இன்ரநெற்றில் போடுகிற மாதிரிக் கட்டித் தந்துவிடும். சனம் ஊர் ஊராகச் சிதறிப்போய்க் கிடக்கிறது, ஆரார் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும், செய் என்றார் சாச்சா. "வெள்ளைக்காரன் தன்ர பூட்டனைத் தேடுறதுக்குச் செய்தது. எங்கட ஆக்களுக்கும் பூட்டன் இருக்கினம்தானே. செய்து பாப்பம் எண்டு இருந்திட்டன்" என்பான் ஸுஹைர்.

செய்தான். பக்கங்கள் வந்தன. ஒவ்வொருவரின் பக்கத்திலும் மேலே பெயர், அதற்குக் கீழே வாப்பா, உம்மா, கட்டிய துணை, பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் அடியில் குறிப்பு என்று ஒரு பகுதி. அந்தக் குறிப்பை அந்தப் புரோகிராம் எறும்பு எழுத்தில் போட்டது. ஆங்கிலத்தில் அது எப்படியோ தப்பிவிடும். தமிழில் சுழியும் கொம்பும் காலும் ஒன்றோடொன்று ஒட்டி, மிளகாய்த்தூள் கொட்டின மாதிரி இருந்தது.

மற்றவர்கள் என்றால் அதோடு விட்டிருப்பார்கள். இவனுக்கு அங்கேதான் பிடிவாதம் ஏறியது. மெனுவில் எழுத்தைப் பெரிதாக்குகிற இடத்துக்குப் போய், ஆகப் பெரிது என்று இருந்ததை அமத்திப் பார்த்தான். மற்ற இணையப் பக்கமெல்லாம் வளர்ந்தன, இது மட்டும் இம்மியும் அசையவில்லை. திருப்பித் திருப்பி அமத்தினான். "எழுத்துக்கு ஆணி அடிச்சு வச்சிருக்கிறாங்கள்" என்று இரண்டு மூன்று நாள் சோறு இறங்காமல் திரிந்தான். பிறகு ஒரு நாள் அந்தப் பக்கத்தை நோட்பேட்டில் திறந்து அதன் குடலை வெளியே எடுத்துப் பார்த்தான். இங்கிலீசுக் காட்டுக்குள் எழுத்தின் அளவு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எட்டு குந்திக்கொண்டிருந்தது. அதை இருபதாக்கினான். சேமித்தான். திறந்தான்.

"உம்மா, வளந்திட்டுது" என்று கத்தினான்.

கடைக்குப் பின்னால் வீடு. குசினியில் இருந்து உம்மா றம்லா எட்டிப் பார்த்து, "எது மகன், பூசணியோ?" என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து எழுத்தின் அளவு அவனுக்கு ஒரு பைத்தியம். ஊரும் விடவில்லை. சாச்சாவின் பக்கங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கனடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்ப, கலியாணம் பேசுகிற இடத்தில் காட்ட, சும்மா அழகுக்குச் சுவரில் ஒட்ட என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம். கலியாண அழைப்பிதழில் யாருடைய பெயர் மேலே, யாருடைய பெயர் பெரிது என்று பார்த்துப் பேச்சுவார்த்தை முறிகிற சனம் இது. குடும்ப மரத்தை மட்டும் சும்மா விடுமா?

இரணைமடுப் பக்கம் வயல் செய்கிற செல்வநாயகம் ஐயா ஒரு நாள் அச்சடித்த தாளை மடித்துக்கொண்டு வந்து மேசையில் போட்டார். "தம்பி, என்ர தமையன்ர பேர் பெரிசாய்க் கிடக்கு. என்ர பேர் சின்னனாய்க் கிடக்கு. காசு தந்தது நான்" என்றார். முகம் கடுகடுவென்று இருந்தது. ஸுஹைர் நிதானமாகத் தாளை விரித்தான். புரோகிராம் அச்சடித்துத் தருகிற மரப் படத்தில் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரே அகலத்துக்குள் அடக்கும். ஆட்கள் கூடினால் எழுத்துக் குறையும்.

"ஐயா, உங்கட தமையனுக்கு ஒரு மகள். உங்களுக்கு வீடு நிறையப் பிள்ளையள், பேரப்பிள்ளையள். இடம் காணேல்ல, அதுதான் எழுத்து ஒடுங்கிப் போச்சு."

செல்வநாயகம் ஐயா கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப சின்ன எழுத்தெண்டால் பெரிய குடும்பம் எண்டு சொல்லுறீர்?" என்றார். "ஓம் ஐயா." "அப்ப இப்பிடியே இன்னுமொண்டு அடிச்சுத் தாரும். தமையனுக்கும் ஒண்டு குடுப்பம்" என்று வாங்கிக்கொண்டு போனார். இந்தக் கதையைச் சொல்லும்போது ஸுஹைர் தொடையில் தட்டிச் சிரிப்பான்.

ஊராருக்கு இப்படி எல்லாம் செய்து கொடுக்கிறவன், தன்னுடைய குடும்பத்தின் பக்கங்களில் செய்கிற ஒரு காரியம்தான் விசித்திரம். டோஹாவில் ஒரு பிள்ளை பிறந்தால், நீர்கொழும்பில் ஒரு நிக்காஹ் நடந்தால், புதுப் பெயரைச் சேர்த்துவிட்டுப் பட்டனை அமத்துவான். புரோகிராம் எல்லாப் பக்கத்தையும் புதிதாகச் செய்து தள்ளும். உடனே நோட்பேட்டைத் திறப்பான். எல்லாப் பக்கத்தையும் விட்டுவிட்டு ஒரே ஒரு பக்கத்துக்குப் போவான். அது அவனுடைய சொந்தப் பக்கம். அதன் அடியில் இருக்கிற குறிப்பு ஒரே ஒரு வரிதான். அந்த எட்டை அழித்து இருபத்துநான்கு ஆக்குவான். பிறகு பின்னால் நடை, மெசினில் இடி, ஒற்றைக் கண். பட்டனை அமத்துகிற ஒவ்வொரு முறையும் புரோகிராம் அவனுடைய திருத்தத்தை விழுங்கிவிட்டுப் பழைய எட்டையே வைக்கும். ஒவ்வொரு முறையும் அவன் சலிக்காமல் மாற்றுவான்.

ஒரே தரமாக மாற்றிவிட வழி இல்லையா என்றால், இருக்கிறது. எல்லாக் குறிப்புக்கும் பொதுவாக அளவைச் சொல்லுகிற ஒரு சின்னப் பைல் இருக்கிறது. அதில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், புரோகிராம் அதைத் தொடாது. ஒரு தரம் அப்படிச் செய்து இன்ரநெற்றில் ஏற்றியும் பார்த்தான். அன்று பின்னேரமே டோஹாவில் இருந்து சாச்சா போன் எடுத்தார்.

"ஸுஹைர், என்னத்தடா போட்டு வச்சிருக்கிறாய்?"

"என்ன சாச்சா?"

"எட்டாம் வகுப்பு மூண்டு தரம் படிச்சவன் எண்டு என்ர பேருக்குக் கீழ கிடக்கு. மருமகன் வாசிச்சிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறான்."

குறிப்புகளை எல்லாம் சொல்லிக் கொடுத்தது றம்லாதான். பின்னேரத்தில் தேத்தண்ணியோடு வந்து மகனுக்குப் பக்கத்தில் இருந்து, ஆளாளாகக் கதை சொல்வார். இவர் மன்னாரில் ரகசியமாக ஒரு நிக்காஹ் செய்தவர். அவர் மாட்டு வியாபாரத்தில் தோற்று ஒரு வருசம் மாமியார் வீட்டில் ஒளித்திருந்தவர். இவா கோபம் வந்தால் மூன்று நாள் ஒருவரோடும் கதைக்கமாட்டா. அவன் எல்லாவற்றையும் போட்டுவிட்டான். எறும்பு எழுத்துத்தானே, யார் வாசிக்கப் போகிறார்கள் என்று துணிவு. எழுத்தைப் பெரிதாக்கியதும் குடும்பத்தின் குட்டு முழுக்க டோஹாவில் உடைந்தது. அன்றே பைலில் பழைய எண்ணை வைத்துவிட்டான். அதுதான் இந்த ஒரு வரியைக் கையால் வளர்க்கிற பாடு.

எல்லாருடைய கதையும் சொன்ன றம்லா சொல்லாமல் விட்ட கதை ஒன்றுண்டு. அந்த வரியை ஸுஹைர் தானாகத்தான் எழுதினான். "இவருக்குப் பால் கொடுத்தவர் தண்ணீரூற்று மீனம்மா."

மீனம்மா வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. சைவக் குடும்பம். புருசன் ஏரம்பு, மகள் கமலாட்சி. கமலாட்சியும் ஸுஹைரும் ஒரே மாதத்துப் பிள்ளைகள். ஸுஹைர் பிறந்த கையோடு றம்லாவுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால் கொடுத்தவர் மீனம்மா. முஸ்லிம்களுக்கு இது சும்மா ஒரு உதவி இல்லை, உறவு. பால் கொடுத்தவள் பால்குடித் தாய். அவளுடைய மகள் உடன்பிறந்தவளுக்குச் சமம், கலியாணம் செய்யக்கூடாத முறை. துணுக்காயில் வாழ்க்கைப்பட்டிருக்கிற கமலாட்சியை ஸுஹைர் இன்றைக்கும் தங்கச்சி என்றுதான் சொல்வான்.

ஆனால் வெள்ளைக்காரன் செய்த புரோகிராமில் இதற்கு ஒரு பெட்டி இல்லை. ஸுஹைர் எல்லா வழியாலும் நுழைந்து பார்த்தான். தத்தெடுத்த தாய் என்று ஒரு இடம் இருந்தது. அதில் மீனம்மாவைப் போட்டால் றம்லா இருந்த இடத்தைப் புரோகிராம் தள்ளிப்போட்டது. இரண்டு தாய் என்று போட்டால் வாப்பாவுக்கு இரண்டு பெண்சாதி ஆக்கிவிட்டது. "வாப்பா கபுறுக்குள்ள இருந்து எழும்பி வந்திருப்பார்" என்பான். கடைசியில் குறிப்புத்தான் மிஞ்சியது.

சண்டை ஓய்ந்து ஊருக்குப் பாதை திறந்தபின் அவன் தண்ணீரூற்றுக்குப் போய் வந்தான். கூரை இல்லாத தங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வேலியைத் தாண்டினான். மீனம்மா கச்சான் கடலைத் தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்து அடையாளம் காணவில்லை, அவன் அம்மா என்று கூப்பிட்ட விதத்தைக் கேட்டுத்தான் "மோனை" என்று எழும்பினார். கண்ணில் வெள்ளை படரத் தொடங்கியிருந்தது. அடுத்தடுத்த முறை போனபோது ஸுஹைர் குடும்பப் பக்கங்களைப் பற்றிச் சொன்னான். கேட்டுக்கொண்டே கச்சான் உடைத்த மீனம்மா கையை நிறுத்தினார்.

"அதில நான் கிடக்கிறனோ மோனை?"

"ஓம் அம்மா. என்ர பக்கத்தில கிடக்கிறீங்கள்."

"அப்ப ஒருக்கா என்ர கண்ணால பாக்கோணும். இந்தக் கண் இருக்கேக்கயே பாக்கோணும்."

அதுதான் அவனைப் பிடித்து ஆட்டியது. வாசித்துக் காட்டினால் போதாதா என்றால் தலையாட்டுவான். "நான் வாசிச்சால் அது என்ர வாய்க்கதை. பெத்த பிள்ளை மாதிரி நாலு நல்ல வார்த்தை சொல்லிப்போட்டுப் போறான் எண்டு நினைப்பா. எழுத்தில அவா தானாய்க் காணோணும்." போட்டோக்கொப்பி மெசினில் முதுகு இடிக்கிற தூரம் மீனம்மாவின் கண்ணுக்கு அவன் போட்ட கணக்கு. அங்கே நின்று ஒற்றைக் கண்ணால் வாசிக்க முடிந்தால், பக்கத்தில் இருந்து அவரும் வாசித்துவிடுவார்.

ஒரு நாள் றம்லா அந்த வரியைக் கண்டுவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த எழுத்தைச் சின்னனாக்கு மகன்."

"ஏன் உம்மா?"

"பெத்தவளின்ர பேர் மேல சின்னனாய்க் கிடக்கு. அவாட பேர் கீழ தோரணம் கட்டின மாதிரிக் கிடக்கு. பாக்கிற சனம் என்ன நினைக்கும்?"

"மீனம்மா பால் தந்தவா எண்டு நினைக்கும்."

"அப்ப பெத்தவளுக்கு என்ன வந்தது எண்டும் கேக்கும்."

ஸுஹைர் சிரித்தான். றம்லா சிரிக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "உன்ர வாப்பம்மா ஊர்ப் பொம்பிளையள் எல்லாரும் இருக்கேக்க என்ன சொன்னவா தெரியுமோ? கல்லும் மழைக்குக் கசியும், இவளுக்குக் கசியுதில்லை எண்டு சொன்னவா. காய்ச்சலில படுத்துக்கிடந்து கேட்டனான். புத்தளத்தில ஒருத்தருக்கும் இந்தக் கதை தெரியாது. நீ இப்ப அதை டோஹாவுக்கும் காட்டுறாய்." சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

மீனம்மாவுக்கும் றம்லாவுக்கும் சண்டை ஒன்றும் இல்லை. ஸுஹைர் போகும்போதெல்லாம் றம்லா தேயிலைப் பெட்டி, சவர்க்காரம், ஒரு நல்ல துணி என்று கட்டி அனுப்புவார். அங்கிருந்து கச்சான் மூட்டை வரும். ஆனால் பாதை திறந்து இவ்வளவு காலம் போயும் றம்லா ஊருக்கு ஒரு தரமும் போகவில்லை. முழங்கால் நோ என்பார். அந்த முழங்காலோடு இரண்டு தரம் புத்தளத்துக்குப் போய் வந்தவர். மகனுக்கு அதுவும் தெரியும். உம்மாவின் முகம் வாடவும் கூடாது, மீனம்மா அந்த வரியைக் காணவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் உரலில் போட்ட உழுந்து மாதிரி அரைபட்டான்.

அதன்பிறகு அந்த வரி பட்ட பாடு சொல்லி மாளாது. உம்மா கடைப் பக்கம் வருகிற சத்தம் கேட்டால் எட்டு. குசினிக்குத் திரும்பினால் இருபத்துநான்கு. றம்லாவும் லேசுப்பட்டவர் இல்லை. சமையலுக்கு நடுவில் கரண்டியோடு வந்து நின்று, "எங்க, உன்ர பக்கத்தை ஒருக்காத் திற பாப்பம்" என்பார். அவருடைய சோதனைக்கு முன்னால் ஓமந்தை ஆமிச் சாவடி தோற்றுப்போகும். இப்படியே கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டு தாயும் மகனும் மாதங்களைக் கடத்தினார்கள்.

பிறகு மீனம்மாவுக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் கண் கிளினிக்குக்கு நாள் கிடைத்தது. பின்னேரம் கடைக்கு வருகிறேன் என்று யாரோ ஒருவரின் போனில் சொல்லி அனுப்பினார். ஸுஹைர் அதை உம்மாவுக்குச் சொன்னான். றம்லா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வரட்டும்" என்றார். புடைத்த அரிசியையே திரும்பவும் புடைத்தார்.

அந்த நாளைப் பார்த்துத்தான் காலையில் டோஹாவில் இருந்து சாச்சாவும் எடுக்க வேண்டுமா? பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, றிம்ஸியா என்று பெயர், இன்றைக்கே போடு, சம்பந்தி வீட்டார் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்றார். ஸுஹைர் போட்டான். பட்டனை அமத்தினான். நோட்பேட்டைத் திறக்கப் போகிற நேரம் பாஸ்போட் விண்ணப்பம் நிரப்ப ஒரு குடும்பம் முழுதாக வந்து இறங்கியது. ஒருவருடையது முடிய அடுத்தவருடையது. பின்னேரம் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மீனம்மா மதியத்துக்கே வந்துவிட்டார். ஒரு கையில் கச்சான் பை. மற்றக் கையால் சுவரைத் தடவிக்கொண்டு வாசற்படி ஏறினார். ஸுஹைர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினான்.

"கிளினிக் முடிஞ்சுதோ அம்மா?"

"ஓம் மோனை. கண்ணுக்கை ஏதோ மருந்து விட்டவை. வெளிச்சத்தைப் பாக்கேலாமல் கிடக்கு. அதை விடு. எங்க, அதைக் காட்டு."

அவன் தன் பக்கத்தைத் திறந்தான். அடியில் எட்டுத்தான் கிடந்தது. மீனம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். "ஒண்டும் தெரியேல்லையே" என்றார். "பொறுங்கோ, பொறுங்கோ" என்று அவன் நோட்பேட்டுக்குப் பாய்ந்து இருபத்துநான்கு ஆக்கினான். இத்தனை மாதம் நடந்து நடந்து அளந்த இருபத்துநான்கு.

"வெள்ளையாய்க் கிடக்கு மோனை. ஏதோ கறுப்பாய் ஒரு கோடு."

முப்பத்தாறு. "கோடு தடிச்சுப்போச்சு." நாற்பத்தெட்டு. மீனம்மா இடுக்கிய கண்ணில் இருந்து நீர் வழிந்தது. அவர் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மருந்து விட்ட கண் பின்னேரம் வரைக்கும் கிட்டப் பார்வைக்கு ஒத்துவராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அது ஸுஹைருக்கும் தெரியும். தெரிந்தும் கை நிற்கவில்லை. எழுபத்திரண்டு. நூறு. இப்போது அந்த ஒரு வரி பல துண்டாக உடைந்து திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. பால் என்ற சொல் பூசணிக்காய் அளவில் நின்றது. போட்டோக்கொப்பி எடுக்க வந்த இரண்டு பேர் திரையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எழுத்தில பிழை இல்லை மோனை. என்ர கண்தான்" என்றார் மீனம்மா. அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இன்னொரு நாளைக்குப் பாப்பம்" என்று கச்சான் பையைத் தேடிக் கையை நீட்டினார். இன்னொரு நாள் என்பது அடுத்த கிளினிக். அதற்குள் அந்தக் கண்ணில் என்ன மிஞ்சும் என்று யாருக்குத் தெரியும்?

திரும்பிப் பார்த்தான். வீட்டுக்குப் போகிற வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு றம்லா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவருடைய கண்ணுக்கு நேரே, தெருவில் போகிறவனுக்கும் தெரிகிற அளவில், அந்த வரி கிடந்தது. அதை எட்டாக்க வேண்டும் என்று ஸுஹைரின் கை தானாக மௌசுக்குப் போனது.

"விடு மகன்" என்றார் றம்லா.

கோப்பையை மேசையில் வைத்தார். இன்னொரு கதிரையை இழுத்து மீனம்மாவின் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தார். "மீனம்மாக்கா, நான் றம்லா" என்றார்.

மீனம்மா கையை நீட்டினார். கை முதலில் றம்லாவின் முக்காட்டில் பட்டு, பிறகு கன்னத்துக்கு வந்தது. "பிள்ளை, நீ மெலிஞ்சு போனாய்" என்றார். றம்லா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதில என்ன கிடக்கு எண்டு நான் வாசிக்கிறன், கேளுங்கோ. ஸுஹைர். தாய் றம்லா. பிள்ளை பிறந்த கையோட தாய்க்குப் பால் கட்டிக் காய்ச்சல். ஒரு சொட்டும் வரேல்ல. பிள்ளை கத்திக் கத்தி நாக்கு வறண்டு, கத்துறதையும் விட்டிட்டுது. அப்ப வேலிக்கு அங்கால இருந்து மீனம்மா வந்து, தன்ர பிள்ளையைப் பாயில கிடத்திப்போட்டு இந்தப் பிள்ளையைத் தூக்கினவா. தாய்க்குக் காய்ச்சல் விட்ட பிறகும் பால் வரேல்ல. பிள்ளை பல்லு முளைக்குமட்டும் மீனம்மாட்டத்தான் குடிச்சது. தாய் பெத்தவள். வளந்தது மீனம்மாட பாலில."

பாஸ்போட்காரக் குடும்பம் கூட எழுதுவதை நிறுத்திவிட்டது. றம்லா வாசிக்கும்போது ஒரு தரமும் திரையைப் பார்க்கவில்லை.

மீனம்மா வழிந்த கண்ணைத் துடைத்தார். அது மருந்தா வேறா என்று சொல்ல முடியாது. "இவ்வளவும் அதில எழுதிக் கிடக்கோ பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. இவ்வளவும் எழுதித்தான் கிடக்கு" என்றார் றம்லா. சொல்லிக்கொண்டே, மீனம்மாவின் கையை விடாமல், முழங்கையால் மகனின் விலாவில் ஒரு இடி இடித்து, தாடையால் கீபோட்டைக் காட்டினார்.